அளந்து வந்த சமையல்

டிரைவிங் மாஸ்டருக்கு வாசனை தெரியாமல் போனது ஒரு சாதாரணக் காய்ச்சலில். காய்ச்சல் சீக்கிரம் விட்டுவிட்டது. சளி கொஞ்ச நாள் இழுத்தது. அதுவும் போன பிறகு ஒரு காலை காப்பித்தூள் டப்பாவைத் திறந்தவர், தூள் பழசாகிவிட்டது என்று நினைத்துக் குப்பையில் கொட்டினார். புதிதாக வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்தபோதும் ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கி முகர்ந்தார். சோப்பை முகர்ந்தார். கீழே இறங்கிப் போய்ப் பயிற்சிக் காரின் பெட்ரோல் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். அப்போதுதான் கெட்டுப்போனது தூள் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

"சிலருக்கு சீக்கிரம் திரும்பி வரும், சிலருக்கு லேட்டா வரும்," என்றார் டாக்டர். "சிலருக்கு வராமலும் போகலாம். கண்ணு போகல, காது போகல, சந்தோஷப்படுங்க."

கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி, "கொடுத்து வச்சவன்யா நீ. கழிப்பறை பக்கம் போனாலும் கவலையில்ல" என்று சிரித்தார். மாஸ்டரும் சிரித்து வைத்தார். அந்த வீட்டில் அவர்தான் சமையல் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். எந்த ஷிப்ட் எப்போது மாறும் என்று அவளுக்கே தெரியாது. மாஸ்டரிடம் வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் வருவார்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் வருவார்கள். நடுப்பகல் முழுக்க அவர் வீட்டில் சும்மா. கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தவர், மகள் பிறப்பதற்குள் அடுப்படியைத் தன் பெயருக்கே எழுதி வாங்கிக்கொண்டது போல ஆகிவிட்டார். தராசு, கரண்டிக் கணக்கு எதுவும் கிடையாது. கைக்கணக்குதான். மூடியைத் தூக்கி ஆவியை ஒரு முறை மூக்கால் இழுப்பார். உப்பு போதுமா, இன்னும் கொதிக்க வேண்டுமா எல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும்.

மாமியார் இறந்த பிறகு மாமனார் இவர்களோடு வந்து தங்கினார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த புதிதில், மருமகன் இடுப்பில் துண்டோடு கரண்டி பிடித்து நிற்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். "என் பொண்ணு சோம்பேறியாயிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆனால் நாக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மாதம் போவதற்குள், பக்கத்து வீட்டுக்காரரிடம், "எங்க மாப்ளே ரோட்டுலயும் மாஸ்டர், அடுப்புலயும் மாஸ்டர்" என்று தம்பட்டம் அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்.

இப்போது மாஸ்டர் மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் பட்டது. ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். நாக்கில் உப்பும் புளிப்பும் எங்கோ அடுத்த தெருவில் இருப்பது போல மங்கலாகத் தெரிந்தன. ஒரு நாள் உப்பு தூக்கலாக இருக்கும், மறுநாள் சப்பென்று இருக்கும். ஒரு மதியம் அவர் அடுப்பின் பக்கத்திலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருக்க, பின்னால் பாத்திரம் கருகிப் புகை கூடத்துக்குப் போய், மாமனார் இருமிக்கொண்டே ஓடி வந்து அணைத்தார்.

இருந்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. மனைவி, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்பாள். மாமனார், "வயசானவனுக்கு உப்பு கம்மியா இருந்தா நல்லதுதானே மாப்ளே" என்பார். எல்லோரும் வாலு என்று கூப்பிடும் மகள் மட்டும் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வகுப்பு முடிந்து சீக்கிரமே திரும்பினார். செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் பேச்சு கேட்டது. அவர் காலையில் செய்துவைத்த குழம்பை மனைவி குப்பைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். மகளின் வாயில் வெறும் ரொட்டி.

"அப்பாகிட்ட சொல்லாத, என்ன? கேட்டா சாப்பிட்டோம்னு சொல்லு."

"தினமும் பொய் சொல்லணுமா அம்மா?"

"அவரு பாவம்டி."

மாஸ்டர் செருப்பை ஓரமாக விட்டார். நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். கதவைச் சரியாகத் தாழ்ப்பாள் போட மறந்திருந்தார். கை கழுவ வந்த மாமனார் கதவைத் தள்ளியவர், அப்படியே நின்றார். மெல்லச் சாத்திவிட்டுப் போனார். அதன் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

சமையல் பெட்டியைப் பற்றிச் சொன்னது, வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள்.

"எனக்கு சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது மாஸ்டர். ஆனா இப்ப நான்தான் வீட்டுல சமைக்கறேன். ஒரு கம்பெனியில எல்லாத்தையும் அளந்து பொட்டலம் போட்டு, பெட்டியில வச்சு வீட்டுக்கே அனுப்பிடறாங்க. உப்புகூட அளந்துதான் வருது. படம் போட்ட அட்டை இருக்கும், அதுல சொன்னபடி செஞ்சா முடிஞ்சுது. ருசிகூடப் பாக்க வேண்டாம்."

ருசிகூடப் பார்க்க வேண்டாம். மாஸ்டர் அன்று மாலை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சொன்ன கம்பெனி விலை ஜாஸ்தி. தேடி, இருப்பதிலேயே மலிவான ஒன்றைப் பிடித்தார்.

முதல் பெட்டி வந்த அன்று வீடே கூடத்தில் கூடிவிட்டது. அட்டைப் பெட்டி, அதற்குள் வெள்ளித்தாள் பை, அதற்குள் உறைந்த நீர்ப்பைகள், நடுவில் இறைச்சி. காய்கள் தனி. ஒரே ஒரு பூண்டுப்பல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அநாதையாகக் கிடந்தது.

மனைவி கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "என்னங்க இது? இந்தக் காயெல்லாம் கீழ கடையில வாங்கினா இதுல பாதிகூட ஆகாது. பூண்டுக்கு ஒரு சட்டை வேற மாட்டி அனுப்பியிருக்காங்க."

மாமனார் உப்புப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இது உப்பா, மூக்குப்பொடியா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூக்கு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அட்டையில் இருந்தபடியே செய்தார். எத்தனை நிமிடம் என்று போட்டிருந்ததோ அத்தனை நிமிடம். படத்தில் வெங்காயம் எந்த நிறமோ அந்த நிறம். நெடுநாளைக்குப் பிறகு அந்த மேஜையில் எல்லோரும் சாப்பிட்டார்கள். வாலு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். மனைவி அவர் முதுகில் கையை வைத்து, "சரி, வரட்டும். ஆகறது ஆகட்டும்" என்றாள்.

பிரமாதமான சாப்பாடு என்று சொல்ல முடியாது. எந்த அட்டையை எடுத்தாலும் ஒரே ஆள் எழுதின மாதிரி ஒரே ருசி என்று மனைவி ஒரு முறை சொன்னாள். மாஸ்டருக்கு அது பற்றிக் கவலையில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பார்த்து எழுதுவது போலத்தான் அவர் சமைத்தார், ஆனால் அடுப்பின் முன்னால் நின்றார். துண்டை இடுப்பில் கட்டினார்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது. இறைச்சியோ பாலோ பிரிக்கும்போது, மாமனாரைக் கூப்பிடுவார். "மாமா, கொஞ்சம் பாருங்க." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து, டிக்கெட்டை வாங்கிப் பார்க்கிற தோரணையில் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து, "செல்லும்" என்பார். ஒரு முறை "செல்லாது" என்று சொல்லி ஒரு பால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது மாஸ்டர் முகம் ஒரு நொடி சுண்டியதை அவர் கவனித்திருக்க வேண்டும். "கம்பெனிக்காரன் தப்பு மாப்ளே, உங்க தப்பு இல்ல" என்று இரண்டு முறை சொன்னார்.

கோடைக்காலம் தொடங்கியபோது கம்பெனி இன்னும் மலிவாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. எந்த நேரத்துக்கு வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது, அவர்கள் வருகிற நேரம்தான். மனைவி அதற்கு மாறச் சொன்னாள். மாஸ்டரும் மாறினார். உறைந்த நீர்ப்பைகள் மெலிந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. மனைவிக்குக் காலை ஷிப்ட், அதைத் தொடர்ந்து மாலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் வகுப்பு முடிந்து வந்தபோது பெட்டி வாசற்படியில் வெயிலில் கிடந்தது. எப்போது வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியாது. மணி அடித்ததா என்று கேட்டதற்கு வாலு, "நான் டிவி பாத்துட்டிருந்தேன்" என்றாள். மாமனார் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

கோழித் துண்டுகளும் காளானும் பாலாடையும். நீர்ப்பை தொளதொளவென்றிருந்தது. கோழிப் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குளிர்ச்சி இல்லை. சூடும் இல்லை. பொட்டலத்தின் மேல் போட்டிருந்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. பொட்டலத்தோடு மாமனார் அறை வாசலில் போய் நின்றார். அவர் வாயைத் திறந்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக் குழந்தை மாதிரி தூங்கினார்.

எழுப்பியிருக்கலாம். எழுப்பத் தோன்றவில்லை என்பதில்லை, கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு வயசானவரைத் தட்டி எழுப்பி, எனக்கு மூக்கில்லை, நீங்கள் முகர்ந்து சொல்லுங்கள் என்று நிற்பதா? தேதிதான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

மாமனார் எழுந்து வந்து உட்கார்ந்தபோது சாப்பாடு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்தது போலவே இருந்தது, மேலே பச்சை இலை தூவியதுகூட.

"இன்னிக்கு உங்கள எழுப்பவே இல்ல மாமா," என்றார் மாஸ்டர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நானே பாத்து செஞ்சுட்டேன்."

மாமனார் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினார்.

"பிரமாதம் மாப்ளே."

"நிஜமாவா?"

"நான் என்ன உங்களுக்குப் பயந்தவனா, பொய் சொல்ல? நீங்க கிளம்புங்க, சாயங்கால வகுப்புக்கு நேரமாயிடும். வந்து சாப்பிட்டுக்கலாம்."

வாலு மூக்கைச் சுருக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமனார் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அதை மாஸ்டர் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு படியிறங்கினார். அன்று கியர் மாற்றக் கண்ணை மூடும் அந்தப் பெண்ணைக்கூட அவர் திட்டவில்லை.

திரும்பி வந்தபோது பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "மிச்சத்தையும் நானே காலி பண்ணிட்டேன் மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. ஆசை அடங்கல" என்றார் மாமனார். அவர் முகம் வெளுத்திருந்தது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை, அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்கு ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டார்.

இருட்டுவதற்குள் வாந்தி ஆரம்பித்துவிட்டது. மாமனார் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து ஓய்ந்தார். மனைவிக்குப் போன் செய்யலாம் என்றால், "வேண்டாம், அவ வேலையில இருப்பா. வாயுதான். சரியாயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடும் உடம்பு. அவள் வேலை முடிந்து வந்து, அப்பாவின் நாடியைப் பிடித்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள். நர்ஸின் குரல் அது.

மாஸ்டர் சொன்னார்.

"நீங்க சாப்பிட்டீங்களா? வாலு சாப்பிட்டாளா?"

இல்லை என்பதை அப்போதுதான் அவரே உணர்ந்தார்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். உடம்பில் நீர் வற்றி, சிறுநீர் நின்று, அவள் தினமும் மற்றவர்களுக்கு மாட்டிவிடும் இயந்திரத்தில் அப்பாவையும் மாட்டினார்கள். நடுவில் ஒரு முறை அவருக்கு நினைவு தெளிந்தது. கட்டிலருகே நின்ற மருமகனைப் பார்த்து உதட்டை அசைத்தார். மாஸ்டர் குனிந்து காதை வைத்தார். "வயசான வயிறு மாப்ளே. வேற ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் இதயம் நின்றது.

மாஸ்டர் கம்பெனிக்கு எழுதினார். நடந்ததை எல்லாம் விவரமாகச் சொல்லியிருந்தார். மிகவும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. இறைச்சி வந்தவுடன் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கிறோம் என்றும் இருந்தது. கீழே, அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடி.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. வாலு சரியாகச் சாப்பிடவில்லை. பால் கொடுத்தால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் மாஸ்டர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா சாப்பிட மாட்டேங்கற? அப்பா செஞ்சதுன்னு பயமா? இது கடையில வாங்கினது."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, "அப்பா, நீ அழுவியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"நான் ஒண்ணு சொன்னா."

"மாட்டேன். சொல்லு."

"தாத்தாவுக்குத் தெரியும்ப்பா. அது நாறுச்சு. எனக்கே தெரிஞ்சுது. நான் சொல்ல வந்தேன், தாத்தா கால மிதிச்சிட்டாரு. நீ போனப்புறம் என் தட்ட எடுத்துக்கிட்டு எனக்கு ரொட்டி குடுத்தாரு. மிச்சத்த எல்லாம் பையில கட்டி அவரே கீழ கொண்டுபோய்ப் போட்டாரு. நீங்க மட்டும் ஏன் தாத்தா சாப்பிட்டீங்கன்னு கேட்டேன்." அவள் நிறுத்தினாள். "உங்கப்பன் இன்னிக்குத்தான் மனசாரச் சிரிச்சான், கெடுக்காதேன்னாரு. நாலு வாய்தானே, ரயில் கேன்டீன்ல இதவிட மோசமா தின்னிருக்கேன்னு சொன்னாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மாஸ்டர் அழவில்லை. மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பதற்காக இல்லை. உடம்பில் அழுகிற இடம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பாலை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வெளிச்சம் மங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மனைவியிடம் மறைக்க அவரால் முடியவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். முதலில் வாலு சொன்னது, பிறகு தான் எழுப்பாமல் வந்தது, அதற்கு முன்னால் குளியலறையில் அழுதது, மாமனார் கதவைத் திறந்து பார்த்தது. எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னாலாகச் சொன்னார்.

அவள் அப்பாவின் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க அழாம இருந்திருந்தா, அப்பா வாயத் திறந்து சொல்லியிருப்பாரு."

சொன்ன உடனேயே அவள் கை வாய்க்குப் போயிற்று. "ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரல. என்னங்க, கேளுங்க, நானும்தானே கொட்டினேன், நானும்தானே பொய் சொன்னேன்..." என்று அவர் கையைப் பிடித்தாள். மாஸ்டர், "சரி, சரி, விடு" என்றார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதனால்தான் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

மீண்டும் வாழ ஆரம்பித்தார்கள். வேறு வழி? மனைவி ஷிப்ட் இல்லாத நாட்களில் ஏதோ செய்து குளிர்பெட்டியில் வைத்தாள். அவளுக்குச் சமையல் வராது, வராது என்று யாரும் சொல்லவும் இல்லை. மற்ற நாட்களில் கடைச் சாப்பாடு. முதலாளியிடம் கேட்டு மாஸ்டர் மத்தியானத்திலும் வகுப்பு வாங்கிக்கொண்டார். சாப்பிடுகிற நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. யாராவது அவரிடம் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அவர் சொன்னவர்களின் கண்ணையே பார்ப்பார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள், "மாஸ்டர் இப்பல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் வகுப்புகள் ரத்தாகி அவர் வீட்டிலேயே இருந்தார். மனைவி வர நேரமாகும். வாலு கூடத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"அப்பா, பசிக்குது. முட்டை பொரிச்சுத் தர்றியா?"

அவர் எழுந்தார். சமையலறை வாசல்வரை போனார். விளக்கைப் போட்டார். அடுப்பு துடைத்துப் பளபளவென்றிருந்தது. அதற்கு மேல் கால் எழவில்லை.

"அம்மா வந்துடுவா. கொஞ்சம் பொறுக்கிறியா?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பத்து வயசுப் பிள்ளை பார்க்கிற பார்வை இல்லை அது. "பரவால்லப்பா, நானே பண்ணிக்கறேன்" என்று அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி வாணலியை எடுத்தாள். முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். இன்னொரு முறையும் முகர்ந்தாள். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் தெறித்தபோது கையை உதறிக்கொண்டாள், கத்தவில்லை.

மாஸ்டர் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் நின்றுகொண்டே வாணலியிலிருந்து சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டதும் திரும்பி, "உனக்கு வேணுமாப்பா?" என்றாள்.

"வேண்டாம்மா. பசிக்கல."

அது உண்மைதான். அவருக்குப் பசித்து வெகுநாள் ஆகியிருந்தது.